திருத்தம்: அது சங்கரா அல்ல, நவரை

சென்ட்ரலில் இறங்கிய இருபதாவது நிமிடத்தில் அவர் முதல் பதிவைப் போட்டார். "தொழில்நுட்பத் தலைநகரில் ஒன்பது நாட்கள், நாள் 1. ஆட்டோ ஓட்டுநர் என்னை 'வாம்மா' என்று அன்போடு அழைத்தார்." இருபத்தேழாவது நிமிடத்தில், அதே ஆட்டோவிலிருந்து, இரண்டாவது பதிவு. "திருத்தம் 1: ஓட்டுநர் அழைத்தது என்னை அல்ல, எனக்குப் பின்னால் நின்றவரை. நான் முந்திக்கொண்டு ஏறிவிட்டேன்."

நந்தனத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து இரண்டையும் படித்தேன். ஒன்பது நாள் கஷ்டம்தான் என்று நினைத்தேன்.

அவர் எங்கள் கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்தில் விற்பனைப் பிரிவு. நாற்பது வயது இருக்கும். நான் சென்னைக் கிளையின் பொறியாளர். கிளையின் விற்பனை ஆள் முந்தைய மாதம்தான் வேலையை விட்டுப் போயிருந்தார். ஆகவே அப்போது சென்னைக் கிளை என்பது நான், இரண்டு மேஜைகள், ஒரு தண்ணீர் கேன். நாங்கள் விற்றது உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் கருவிப் பெட்டி. மீனோ காய்கறியோ அனுப்பும்போது கூடவே வைத்தால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே எவ்வளவு குளிர் என்று ஃபோனுக்குச் சொல்லும். அடையாறில் ஒரு மீன் விற்பனை நிறுவனம் முந்நூறு பெட்டி கேட்கலாம் என்ற நிலையில் இருந்தது. "இந்த மாசக் கடைசிக்குள்ள அது வரலீன்னா கிளைய மூடிடலாமுங்க, நீங்க இங்க வந்துருங்க" என்று முதலாளி ஃபோனில் சொல்லியிருந்தார். வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மா மந்தைவெளியில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தார். செய்ய வேண்டியவை, செய்யக்கூடியவை, செய்யவே முடியாதவை என்று நான் மூன்று பட்டியல் வைத்திருப்பேன். கோயம்புத்தூர் மூன்றாவதில் இருந்தது.

அந்த ஆர்டரை முடித்துக் கொடுக்கத்தான் அவர் வந்தார்.

படியேறி வந்தபோது ஒரு கையில் ஃபோன், இன்னொரு கையில் கைப்பை, இரண்டையும் இணைத்து ஒரு வெள்ளை வயர். பைக்குள் பவர் பேங்க் இருந்தது. ஃபோன் முன்னால் போக, வயர் இழுத்த இழுப்புக்குப் பை பின்னால் வந்தது. ஒன்பது விரல் நகங்களில் மெரூன் பாலிஷ். வலது கட்டைவிரல் நகம் மட்டும் ஒட்ட வெட்டப்பட்டு, பாலிஷ் இல்லாமல் இருந்தது. அந்த ஒற்றை விரலால்தான் அவர் எல்லாவற்றையும் எழுதினார்.

"ரீல்ஸ் போடலாமே மேடம், இப்ப யாரு பிளாக் படிக்கிறாங்க?" என்று முதல் நாளே கேட்டேன்.

"ரீல்ஸுன்னா முகம் கழுவிட்டு வரோணுங்க. இதுக்கு அது வேண்டியதில்லீங்களே."

வாசகர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். அதில் மஸ்கட்டில் இருந்த ஒருவர் எல்லாப் பதிவுக்கும் முதல் ஆளாக வந்து பதில் போடுவார். எங்கள் முதலாளியும் படிப்பார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

எல்லாரையும் போல அவரும் தப்பாக எழுதுவார். ஆனால் தப்பை அப்படியே விட்டுவிட்டு அவரால் அடுத்த வேலைக்குப் போக முடியாது. பழைய பதிவைத் திறந்து சத்தமில்லாமல் மாற்றுவதும் கிடையாது. "படிச்சவங்க படிச்சுட்டாங்களே, அவங்களுக்கு யாருங்க சொல்லுவாங்க?" என்பார். எனவே எண் போட்டுத் தனியாக ஒரு திருத்தம் வரும். பொங்கலில் ஏழு முந்திரி என்று எழுதியிருப்பார். பிறகு, ஏழாவது முந்திரி அல்ல, பூண்டு என்று திருத்தம் வரும். பொங்கலில் பூண்டு ஏன் வந்தது என்று மஸ்கட்காரர் கேட்பார். அந்த உணவகத்துக்கு மறுபடி போய் விசாரிக்க வேண்டும் என்று இவர் கிளம்புவார். நான் கையைப் பிடித்து உட்கார வைப்பேன்.

மயிலாப்பூரில் ஒரு வீட்டு மாடியில் அவருக்கு அறை எடுத்திருந்தோம். மூன்றாம் நாள் காலை கூட்டிப்போகச் சென்றபோது, வீட்டுக்கார மாமி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டி கொழந்தே, எங்காத்துக் காப்பி ஆறிப்போயிருந்துதுன்னு இவ எழுதியிருக்காளாமே? என் மாட்டுப்பொண்ணு படிச்சுக் காட்டினா. நான் கொதிக்கக் கொதிக்கத்தான் கொண்டு வச்சேன். இவ அதை நாலு பக்கத்துலேர்ந்து ஃபோட்டோ எடுத்துண்டு நின்னா. ஆறாம என்ன பண்ணும்?"

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் இவர் படியில் இறங்கி வந்தார். "சரியாத்தானுங்க சொல்றீங்க. நாலு பக்கம் இல்லீங்க, ஆறு பக்கம் எடுத்தனுங்க" என்றார். அங்கேயே நின்று திருத்தம் எழுதி, மாமிக்கு வாசித்தும் காட்டினார். அதற்குப் பிறகு மாமி தினமும் இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவந்தார், ஒன்று குடிக்க, ஒன்று படம் எடுக்க.

தி.நகரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ரங்கநாதன் தெருவில் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே நடக்க முடியும் என்று நிரூபித்தவர் அவர். அந்தக் கூட்டத்தில் யாரும் நடக்க வேண்டியதில்லை, நின்றாலே போய்ச்சேரலாம் என்பது அவர் கண்டுபிடிப்பு. கூட்டம் அவரை ஒரு பாத்திரக் கடைக்குள் கொண்டுபோய் விட்டது. கடைக்காரர் "இட்லிப் பானைதான மேடம்?" என்று கேட்க, எழுதுகிற மும்முரத்தில் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மாலை, வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் பேச வேண்டியிருந்த நேரத்தில், நான் அந்தப் பானையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏனுங்க, கொஞ்சம் நெட்டு விடுங்க" என்றார். படங்களாகப் போட்டுத் தள்ளியதால் காலை பத்து மணிக்கே அவருடைய அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். பிறகு நாள் முழுக்க என் ஹாட்ஸ்பாட்தான்.

ஆறாவது நாள், சனிக்கிழமை, கருவியைச் சோதித்தோம். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ஒரு அக்கா, தன் ஐஸ் பெட்டியில் கருவியை எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். காலை ஆறு மணிக்கு மீன்களுக்கு நடுவே அதை வைத்தேன். ஃபோனில் முதல் புள்ளி வந்தது. அரை மணி நேரம் இருந்து பார்த்துவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினேன். அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் கருவி எதற்கு என்பது என் வாதம். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் இந்த வாதத்தைச் சொல்வார்கள். இவரும் நாலைந்து படம் எடுத்துக்கொண்டு என்னோடு வந்துவிட்டார்.

நந்தனத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு மேல் கோடு ஐந்து டிகிரிக்குப் போய், கோலம் போட்ட மாதிரி சீராக ஓடியது. இரண்டு மணி வரை ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. பிறகு போய் அக்காவிடமிருந்து கருவியை வாங்கிவந்தேன். ஐஸில் புதைந்திருக்கும் பொருள் ஐந்து டிகிரியில் இருக்காது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அழகான கோட்டைப் பார்த்துச் சந்தேகப்பட எனக்கு மனது வரவில்லை.

அவர் பதிவு எழுதினார். சங்கரா மீன்கள் படுத்திருக்கும் படம் போட்டு, "எட்டு மணி நேரம் ஐஸில் கிடந்தும் எங்கள் கருவி ஒரு நிமிடமும் கண் மூடவில்லை" என்று முடித்திருந்தார். படிக்க நன்றாக இருந்தது. ஆகவே நானே அந்தப் பதிவையும் கோட்டையும் அடையாறு நிறுவனத்தின் கொள்முதல் மேலாளருக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: "மிக நன்று. திங்கள் பதினொரு மணிக்கு வாருங்கள், கையெழுத்திட்டுவிடலாம்."

அம்மாவிடம் சொன்னேன். அம்மா பாயசம் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்காரர் பதில் போட்டார்: "படத்தில் இருப்பது சங்கரா இல்லையே, நவரை மாதிரி இருக்கிறதே?"

திங்கள் காலை எட்டு மணிக்கு இவர் ஃபோன் செய்தார். "பட்டினப்பாக்கம் போயிட்டு அப்படியே அடையாறு போயிரலாமுங்க. மீன் பேரைக் கேட்டுட்டா நிம்மதியா இருக்குமுங்க." எனக்கும் அக்காவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்தது. போனோம்.

"இத்த யாரு சங்கரான்னு சொன்னது?" அக்கா படத்தைப் பார்த்ததும் சிரித்தார். "நவரைம்மா அது. மூஞ்சியப் பாரு, மீசை வெச்சிக்கினு கீது. சங்கராவுக்கு ஏது மீசை?"

"அப்படீங்களா. ரொம்ப நன்றிங்க." கட்டைவிரல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. "ஏனுங்க, எட்டு மணி நேரமும் அந்தப் பொட்டி உங்களுக்கு ஒண்ணும் எடைஞ்சலா இல்லீங்களே?"

"அதுவா? அது எங்க இங்க இருந்துச்சு?"

நான் திரும்பினேன்.

"செவப்பு லைட்டு மினுக்கு மினுக்குனு எரிஞ்சிக்கினே கீது. வர்ற கஸ்டமரு எல்லாம் 'இன்னாக்கா, மீனுக்கு கரண்டு குடுத்துக்கினு கீறியா'ன்னு கேக்குது. வியாபாரமே பேஜாராப் பூட்ச்சு. அதுவுமில்லாம தண்ணில கெடக்குதே, உங்க பொருளு வீணாப்பூடுமேன்னு பாவமா இருந்துச்சு. நீங்க அந்தாண்ட போனதும் எடுத்து நல்லாத் தொடச்சி, அதோ, அந்த ஜூஸ் கடை ஃப்ரிட்ஜில வெச்சிட்டேன். நீ வர்ற நேரத்துக்கு எடுத்துக்கினு வந்து குடுத்தேன். பத்திரமா இருந்துச்சா இல்லியா?"

பத்திரமாகத்தான் இருந்தது. ஐந்து டிகிரியில், சீராக.

ஆட்டோவில் ஏறினோம். என் கணக்கு எளிமையாக இருந்தது. பதினொரு மணிக்குக் கையெழுத்து. பிறகு உண்மையாகவே ஐஸில் சோதனை செய்யலாம். ஏதாவது குறை இருந்தால் சரிசெய்துகொண்டு அனுப்பலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

"ஒரு மணி வரைக்கும் பொறுத்துக்கோங்க மேடம். கையெழுத்து ஆனதும் நீங்க போடுங்க."

"கையெழுத்து வாங்கிட்டுப் போட்டா அது திருத்தம் ஆகுங்களா? சேதியாயிருமுங்க."

"இது முந்திரி இல்ல மேடம். என் வேலை."

அவர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் விரல் நின்றது. "தெரியுமுங்க" என்றார். பிறகு மறுபடி எழுத ஆரம்பித்தார்.

அடையாறில் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்தபோது மணி பத்து நாற்பது. "நெட்டு விடுங்க" என்றார் வழக்கம்போல. என் ஃபோனில் அந்தச் சுவிட்சைப் பார்த்தேன். சின்னப் பச்சை வட்டம். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கருவியைக் கெட்ட எண்ணத்தோடு அணைத்தேன்.

"இங்க சிக்னல் இல்ல மேடம்."

"அடடா. அடையாறுலயேங்களா?" நம்பிவிட்டார். சரி, பிழைத்தோம் என்று நான் மூச்சு விடுவதற்குள் எழுந்துபோய், வரவேற்பில் இருந்த பெண்ணிடம், "ஏனுங் கண்ணு, உங்க வைஃபை கொஞ்சம் கிடைக்குங்களா?" என்று கேட்டார். அந்தப் பெண் சிரித்தபடி கடவுச்சொல்லை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாள். பத்து ஐம்பதுக்கு, வாடிக்கையாளரின் சொந்த வைஃபையில், இரண்டு பதிவுகள் வெளியாயின. முதலாவது, "அடையாறில் நெட் மோசம்." இரண்டாவது:

"திருத்தம் 24: சனிக்கிழமை பதிவில் உள்ள மீன் சங்கரா அல்ல, நவரை. அதே பதிவில் எங்கள் கருவி எட்டு மணி நேரம் ஐஸில் இருந்ததாக எழுதியிருந்தேன். ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே இருந்தது. மீதி நேரம் பழரசக் கடை ஃப்ரிட்ஜில், சாத்துக்குடிகளுக்கு நடுவே இருந்தது. ஃப்ரிட்ஜ் நன்றாக வேலை செய்கிறது."

பதினொரு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். மேஜையில் காகிதங்கள் தயாராக இருந்தன, மேலே ஒரு பேனா. இவர் உட்காருவதற்கு முன்பே ஃபோனை நீட்டினார். "மொதல்ல இதைப் படிச்சுருங்க."

மேலாளர் அதிகம் பேசாத மனிதர். கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு மெதுவாகப் படித்தார். நான் சுவரில் இருந்த மீன் படங்களை எண்ணினேன். பன்னிரண்டு.

"அந்த ஃப்ரிட்ஜ் என்ன கம்பெனி?" என்று கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கதான இன்ஜினியர்? ஐஸ்ல எட்டு மணி நேரம் தாங்குமா, தாங்காதா?"

சொல்வதற்கு என்னிடம் நான்கு பதில்கள் இருந்தன. நான்கும் ஆமாம் என்பதைச் சுற்றிச் சுற்றி வந்தன. பக்கத்தில் அவர் ஃபோனை மடியில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது சார்."

"அப்போ நாளைக்குத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க." பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காகிதங்களை இழுப்பறையில் வைத்து மூடினார்.

கீழே வந்ததும் நான் ஆட்டோவை நிறுத்தினேன். அவர் நெட் கேட்கவில்லை. ஆட்டோவில் போகும்போது நானே சுவிட்சைப் போட்டேன். அவர் ஃபோன் டிங் என்றது. ஃபோனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மாலையில் ஒரு பதிவு வந்தது. "திருத்தம் 25: அடையாறில் நெட் மோசம் என்று காலையில் எழுதியிருந்தேன். அடையாறின் மேல் தப்பில்லை." பேருந்தில் நின்றபடி அதைப் படித்தேன். காதுமடல் சுட்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குக் கருவியை மறுபடி அக்காவின் ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தேன். இந்த முறை எங்கேயும் போகவில்லை. கவிழ்த்த மீன் கூடைகளில் நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். அன்றைக்கு ராத்திரி அவருக்கு ரயில். முதலாளி சொன்ன மாதக் கடைசி வியாழக்கிழமை.

"ரெண்டு பேரும் இன்னா கொள்ளிக்கண்ணாட்டம் பொட்டிய மொறச்சிக்கினு கீறீங்க? ஓரமாக் குந்துங்க, கஸ்டமரு வர்ற வழி" என்றார் அக்கா. ஓரமாக நகர்ந்தோம்.

கோடு இந்த முறை அழகாக இல்லை. ஒன்று, பூஜ்யம், மறுபடி ஒன்று என்று தள்ளாடியது. ஆனால் வந்துகொண்டிருந்தது. எட்டு நாற்பதுக்கு வந்த புள்ளிக்குப் பிறகு எட்டு ஐம்பதுக்கு எதுவும் வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. கையை ஐஸுக்குள் விட்டு எடுத்தேன். குளிரில் மூடியின் ரப்பர் வளையம் சுருங்கி, உள்ளே தண்ணீர் தளும்பியது.

"பூட்ச்சா?" அக்கா எட்டிப் பார்த்தார்.

"போயிடுச்சுக்கா."

"அப்போ அன்னிக்கு நான் ஃப்ரிட்ஜில வெச்சதாலதான் உசுரோட திரும்பி வந்துச்சு. அதுக்கு ஒரு டேங்க்ஸு சொன்னியா நீ? ஜூஸ் கடைய மொறச்சிக்கினு போன."

நன்றி சொன்னேன். பிறகு எதிரே பார்த்தேன். அவர் கையில் ஃபோன் இருந்தது, ஆனால் கட்டைவிரல் அசையவில்லை.

"எழுதலையா மேடம்?"

"அவருகிட்ட மொதல்ல நீங்க சொல்லிருங்க. நான் எழுதி அவரு தெரிஞ்சுக்கக் கூடாதுங்க."

மேலாளருக்கு எழுதினேன். ஒன்று, இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் கருவி நின்றுவிட்டது. இரண்டு, குளிரில் ரப்பர் சுருங்கித் தண்ணீர் இறங்கியது. மூன்று, வேறு ரப்பர் போட்டால் தாங்கும் என்று நினைக்கிறேன், சோதிக்கும் வரை தெரியாது. நான்காவதாக நீளமாக ஒரு மன்னிப்பு எழுதி, பிறகு அழித்துவிட்டு, அனுப்பினேன். இரண்டு டிக்கும் நீலமாயின. மேலாளர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. நிறுத்தினார். மறுபடி எழுதினார்.

"யாருக்கும்மா ஃபோனு? மாப்ள வூட்லேர்ந்து பதிலு வரணுமா?" என்றார் அக்கா, ஒரு நவரையின் செதிலைச் சுரண்டிக்கொண்டே.

பதில் வந்தது. சத்தமாகப் படித்தேன். "புது ரப்பரோடு அடுத்த பெட்டி எப்போது?"

"எப்போங்க?" என்றார் இவர், விரலைத் தூக்கியபடி.

"வெள்ளிக்கிழமை."

"நிச்சயமாங்களா? எழுதிப்போட்டுருவனுங்க."

ரப்பர் வாங்க ஒரு நாள். வளையமாக வெட்டி ஒட்டிக் காயவைக்க ஒரு நாள். வீட்டில் ஒரு வாளி ஐஸில் முக்கி, நானே எட்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு நாள்.

"சனிக்கிழமை" என்றேன்.

அவர் எழுதினார். இரண்டு மணி நாற்பது நிமிடம், ரப்பர், சனிக்கிழமை, எல்லாவற்றையும். போட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, என் ஃபோன் அடித்தது. முதலாளி.

"படிச்சனுங்க" என்றார். பெருமூச்சு விடும் சத்தம் கேட்டது. "வியாழக்கிழமையோட மூடிரலாம்னு இருந்தேன். இந்தம்மா சனிக்கிழமைன்னு ஊருக்கே சொல்லிப்போட்டாங்களே, இனி அதுக்கு முன்னாடி எப்படிங்க மூடறது?"

மூடவில்லை.